செனரத் மன்னரும் எமது எல்லைகளும்

கல்முனையில் எல்லை என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு வாரம் கழிவதில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தின் எல்லை, சாய்ந்தமருது மக்கள் கேட்கும் தனிச் சபையின் எல்லை, வயற்காணிக்கும் வனத்துக்கும் இடையில் திணைக்களங்கள் நடும் எல்லைக்கல் என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது. இந்தப் பேச்சுகளின் நடுவே ஒரு மன்னரின் பெயர் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. 1604 முதல் 1635 வரை கண்டியை ஆண்ட செனரத் மன்னர்தான் அவர். இந்த மண்ணை எமக்குத் தந்தவர் செனரத் மன்னர் என்று எம்மவர் சிலர் வாதிடுகிறார்கள். நானூறு வருடங்களுக்கு முன்னர் அகதிகளாக வந்து இறங்கியவர்கள்தானே நீங்கள் என்று வேறு சிலர் முகநூலில் எழுதுகிறார்கள். இரண்டு தரப்பும் காட்டுவது அதே மன்னரைத்தான், அதே 1626ஆம் ஆண்டைத்தான்.

நான் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர். கண்டி இராச்சியம் பற்றிய பாடத்துக்கு வரும்போது, முதலாம் விமலதர்மசூரியனுக்கும் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் இடையில் செனரத் மன்னர் சில வரிகளோடு கடந்து போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன். முன்னவர் தந்துறைப் போரில் வென்றவர். பின்னவர் போர்த்துக்கேயரைத் துரத்தியவர். நடுவில் 31 வருடங்கள் ஆண்டவர் என்ன செய்தார் என்று கேட்டால் மாணவர்களிடம் பதில் இருப்பதில்லை. பெரியவர்களிடம் கேட்டால் முஸ்லிம்களைக் குடியேற்றினார் என்ற ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் இன்று இவ்வளவு சண்டையும் நடக்கிறது. எனவே அவரது வாழ்க்கையை முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

துறவறத்திலிருந்து சிம்மாசனத்துக்கு

செனரத் அரசராவதற்கு முன்னர் பௌத்த துறவியாக இருந்தவர். விமலதர்மசூரிய மன்னரின் நெருங்கிய உறவினர். 1604இல் அந்த மன்னர் நோயுற்று மரணமடைந்தபோது அவரது பிள்ளைகள் சிறுவர்கள். சிம்மாசனத்துக்குப் போட்டியாளர்கள் இருந்தார்கள். காவியைக் களைந்துவிட்டு வந்த செனரத் அந்தப் போட்டியில் வென்றார். வென்றதோடு நிற்காமல், மறைந்த மன்னரின் அரசி குசுமாசன தேவியை மணந்துகொண்டார்.

இந்தத் திருமணத்தின் பின்னால் இருந்த அரசியலை விளங்கிக்கொள்ள வேண்டும். குசுமாசன தேவி கண்டியின் பழைய அரச வம்சத்தின் வாரிசு. சிறுமியாக இருந்தபோது போர்த்துக்கேயரின் பராமரிப்பில் வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, தோனா கத்தரீனா என்று பெயர் சூட்டப்பட்டவர். அவரைக் கண்டியில் அரசியாக அமர்த்தி, அவர் மூலம் மலைநாட்டைப் பிடிக்கலாம் என்று போர்த்துக்கேயர் 1594இல் படையெடுத்தார்கள். தந்துறையில் அந்தப் படை அழிந்தது. விமலதர்மசூரியன் அவரை மணந்து தனது ஆட்சிக்கு உரிமை தேடிக்கொண்டார். பத்து வருடங்களின் பின்னர் செனரத்தும் அதே வழியில் சென்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையே இரண்டு அரசுகளுக்கு இடையிலான எல்லையாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த அரசி 1613இல் காலமானார்.

செனரத் கையேற்றது செழித்த இராச்சியமொன்றை அல்ல. கோட்டை இராச்சியம் போர்த்துக்கேயரின் கைக்குப் போய்விட்டது. சீதாவாக்கை வீழ்ந்துவிட்டது. மேற்குக் கரையில் கொழும்பு முதல் காலி வரை அவர்களது ஆட்சி. தளபதி ஜெரோனிமோ டி அசவேது ஆண்டுதோறும் மலையடிவாரக் கிராமங்களுக்குள் புகுந்து வயல்களை எரித்துக்கொண்டிருந்தார். 1611இல் கண்டி நகரமே எரிக்கப்பட்டது. படை நெருங்கும்போதெல்லாம் மன்னர் தலைநகரைக் காலிசெய்துவிட்டுப் புனித தந்தத்தையும் குடும்பத்தையும் காடுகளுக்குள் பாதுகாப்பாக அனுப்பிவிடுவார். மகியங்கனைப் பக்கம் அவருக்கு அடைக்கலம் கொடுத்த பிரதேசம். அவரது மகன் இராஜசிங்கன் பிறந்ததும் அப்படித் தப்பியிருந்த ஒரு காலத்தில்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. எதிரி எரித்துவிட்டுப் போன பின்னர் திரும்பி வந்து மீண்டும் கட்டுவார். இவர் வாளால் பெயர் எடுத்தவரல்ல. பொறுமையாலும் பேச்சாலும் காலத்தைக் கடத்தி நாட்டைக் காப்பாற்றியவர்.

அந்தக் காலத்து எல்லை

இன்று எல்லை என்றால் வரைபடத்தில் ஒரு கோடு, அதில் ஒரு வர்த்தமானி அறிவித்தல். செனரத் காலத்தில் அப்படி இல்லை. கண்டி இராச்சியத்தின் எல்லை என்பது ஒரு நாள், இரண்டு நாள் நடந்து கடக்க வேண்டிய காடு. அந்தக் காட்டுப் பாதைகளில் கடவத்தை எனப்பட்ட காவலிடங்கள் இருந்தன. முள்ளால் செய்த கதவுகளைப் பாதையின் குறுக்கே தொங்கவிட்டு, காவலர்கள் போவோர் வருவோரை விசாரிப்பார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் இன்றும் கடவத்தை என்ற பெயரோடு ஒரு நகரம் இருக்கிறது. பேருந்தில் அதைக் கடக்கும் எம்மவர்கள் பலருக்கு அது ஒரு பழைய வாசலின் பெயர் என்பது தெரியாது.

அந்த எல்லைக் காட்டில் வாழ்ந்தவர்களின் விசுவாசமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. போர்த்துக்கேயரின் படையில் பெரும் பகுதி லஸ்கரின் எனப்பட்ட உள்நாட்டு வீரர்கள். அவர்களை நடத்தியவர்கள் சிங்கள முதலியார்கள். ஞானஸ்நானம் பெற்று போர்த்துக்கேயப் பெயர் வைத்துக்கொண்ட அந்த முதலியார்கள் இரகசியமாகக் கண்டியோடும் தொடர்பு வைத்திருந்தார்கள். இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். எல்லையில் வாழ்பவனுக்கு இரண்டு மொழியும் தெரியும், இரண்டு அரசனின் முகமும் தெரியும்.

மலைநாட்டுக்கு உள்ளே நெல் உண்டு, பாக்கு உண்டு. உப்பு இல்லை. கருவாடும் புடைவையும் கடற்கரையிலிருந்துதான் வர வேண்டும். மேற்குக் கரை பூட்டப்பட்ட பின்னர் கண்டிக்கு மூச்சு விடக் கிடைத்த வாசல்கள் கிழக்கில் இருந்தன. திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு. இந்த வாசல்களையும் மலையையும் இணைத்தவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வண்டிகளற்ற பயணங்கள். மாடுகளின் முதுகில் பொதியேற்றிக் காட்டு வழியே கூட்டமாக நடத்திச் செல்லும் வியாபாரம் அது. அந்த வியாபாரத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். கரையில் மரக்கலத்தோடும் மலையில் மாட்டோடும் தொடர்பு வைத்திருந்த ஒரு சமூகம் கண்டி மன்னருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

கடல் கடந்து தேடிய உதவி

கிழக்கு வாசல் வழியாகவே ஒல்லாந்தரும் வந்தார்கள். 1602இல் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கி கண்டிக்குப் போனது விமலதர்மசூரிய மன்னரின் காலத்தில். செனரத் அந்த உறவைத் தொடர்ந்தார். 1612இல் பொஷூவர் என்ற ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தார். அந்த மனிதரை மன்னர் தன்னோடு வைத்துக்கொண்டு பட்டங்களும் கொடுத்தார். ஆனால் எதிர்பார்த்த படை வரவில்லை. பொஷூவர் ஐரோப்பா சென்று, ஒல்லாந்தர் கைவிரித்தபோது டென்மார்க் அரசரிடம் போனார். டேனிஷ் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலேயே பொஷூவர் இறந்துபோனார். 1620இல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது.

இடையில் 1617இல் செனரத் போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்திருந்தார். கரைநாட்டில் அவர்களது ஆட்சியை ஏற்று, திறை செலுத்தவும் உடன்பட்டார். பதிலுக்கு அவரைக் கண்டியின் அரசராக அவர்கள் ஏற்றார்கள். இதைத் தோல்வி என்று சொல்லலாம். எரிந்த ஊர்களில் இரண்டு போகம் விளைவிக்கக் கிடைத்த அவகாசம் என்றும் சொல்லலாம். டேனிஷ்காரர் கேட்ட செலவைக் கொடுக்க மன்னர் இணங்கவில்லை. அவர்கள் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று, தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். தரங்கம்பாடிக் கோட்டையின் கதை கண்டி மன்னரின் கவலையில் தொடங்கியது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமானது. இப்போது இலங்கையில் சுதந்திரமாக நின்ற ஒரே அரசு கண்டி. கொன்ஸ்தந்தீனு டி சா என்ற தளபதி கொழும்புக்கு வந்தபோது, கண்டியின் கிழக்கு வாசல்களை ஒவ்வொன்றாக அடைக்கத் திட்டமிட்டார். திருகோணமலையில் கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டு, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது.

1626

இந்தக் கட்டத்தில்தான் எமது முன்னோர் கதைக்குள் வருகிறார்கள்.

அன்றைய போர்த்துக்கல், ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தது. அதே அரச பரம்பரை 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, சுமார் 3 இலட்சம் பேரை வெளியேற்றியிருந்தது. அந்தப் பகை கப்பலேறி இங்கும் வந்தது. வியாபாரப் போட்டியும் அதோடு சேர்ந்துகொண்டது. பாக்கும் கறுவாவும் முஸ்லிம்களின் கையால் கண்டிக்கும் இந்தியக் கரைக்கும் போய்க்கொண்டிருந்தன. 1626இல் போர்த்துக்கேய ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கடற்கரை ஊர்களை விட்டு எம்மவர்கள் மலையை நோக்கி நடந்தார்கள்.

செனரத் மன்னர் கடவத்தைகளைத் திறந்துவிட்டார். வந்தவர்களில் 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் தனது வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர் எங்களை நேசித்தவரல்ல. எதிர்த்தரப்பிலிருந்து எழுதிய ஒருவரின் பதிவு என்பதால் அதற்குப் பெறுமதி அதிகம். அன்றைய மட்டக்களப்பு என்பது இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தோடு அம்பாறைக் கரையையும் சேர்த்த பெரும் பிரதேசம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

மன்னர் ஏன் இதைச் செய்தார்? ஜும்ஆ மேடைகளில் சிலர் அவரை ஹபஷா நாட்டு நஜ்ஜாஷி மன்னருக்கு ஒப்பிடுவார்கள். துன்புறுத்தப்பட்டு வந்தவர்களை வேறு மதத்து மன்னர் ஒருவர் ஏற்றார் என்ற அளவில் அது பொருத்தமான ஒப்பீடுதான். நன்றி மறப்பது எமது மார்க்கத்தின் பண்பல்ல. அதே நேரம் அவர் ஓர் அரசர். வெறுமையாகக் கிடந்தால் எதிரி வந்து இறங்கிவிடக்கூடிய ஒரு கரையில், எதிரியால் துரத்தப்பட்ட, எதிரியோடு ஒருபோதும் சேர முடியாத 4,000 பேரை வைப்பதில் உள்ள இலாபம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. உப்பும் புடைவையும் வரும் வழியும் காக்கப்படும். கருணையும் கணக்கும் ஒரே செயலில் இருந்தன என்பதே எனது கருத்து. இதைச் சொல்வதால் மன்னரின் பெருமை குறைவதில்லை. கணக்கு மட்டும் பார்த்த அரசர்கள் அன்று உலகில் நிறையப் பேர் இருந்தார்கள்.

சிசிலியில் நடந்த கதை

அப்படியொரு கணக்கு எப்படி முடியும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவை முஸ்லிம்கள் ஆண்ட காலம் இருந்தது. 1061 முதல் 1091 வரை நடந்த போர்களில் நோர்மன் இனத்தவர் அதைக் கைப்பற்றினார்கள். இவர்கள் பிரான்ஸின் வடகரையிலிருந்து போனவர்கள். வென்ற இடத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. நோர்மன் அரசர் இரண்டாம் ரோஜர் அரபு எழுதும் அதிகாரிகளை வைத்துக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி 1154இல் தனது நூலை முடித்தது இந்த அரசரின் ஆதரவில்தான். அந்த நூலில் எமது ஸரன்தீபும் இடம்பெறுகிறது. இத்தீவின் அரசருக்கு 16 ஆலோசகர்கள் இருந்ததாகவும், அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் கிறிஸ்தவர்கள், நால்வர் யூதர்கள், நால்வர் மன்னரின் சொந்த மக்கள் என்றும் அவர் எழுதினார். எல்லையோர அரசவை ஒன்றில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞருக்கு அந்தச் செய்தி ஏன் முக்கியமாகப்பட்டது என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆனால் சிசிலி முஸ்லிம்களின் நல்ல காலம் அரசர்களின் தயவில் தொங்கியது. 1189இல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் அவர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஓடினார்கள். ரோஜரின் மகள் வழிப் பேரன் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் அந்த மலைகளில் அவர்களோடு போரிட்டு, 1220களிலிருந்து அவர்களைக் கூட்டம் கூட்டமாகத் தீவை விட்டு அகற்றி, இத்தாலியின் தென்பகுதியில் லுசேரா என்ற நகரத்தில் குடியேற்றினார். அங்கே அவர்கள் தமது மார்க்கத்தைப் பின்பற்றினார்கள், வயல் செய்தார்கள், பேரரசரின் படையில் வில்லாளிகளாகச் சேவை செய்தார்கள். அவர்களது பாதுகாப்பு முழுவதும் அரண்மனையில் இருந்தது. ஆட்சி வேறு வம்சத்துக்கு மாறியது. 1300ஆம் ஆண்டு ஆகஸ்டில் அன்றைய மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் அந்த நகரத்தை அழித்தார். மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்களது சொத்துகள் அரச கஜானாவுக்குப் போயின. சுமார் 75 வருடங்கள் வாழ்ந்த ஒரு முஸ்லிம் ஊர் சில நாட்களில் இல்லாமல் போனது.

செனரத் குடியேற்றியவர்களின் சந்ததி நானூறு வருடங்களின் பின்னரும் இங்கே வாழ்கிறது. லுசேராவுக்கு நடந்தது இங்கே நடக்காமல் போனது எப்படி? அதற்கு விடை மன்னரின் வாழ்க்கைக்குள் இல்லை. அவரது இறுதிக் காலத்தைப் பார்த்தாலே அது விளங்கும்.

மன்னரின் கடைசி வருடங்கள்

குடியேற்றம் நடந்து இரண்டு வருடங்கள்கூட நிம்மதியாகக் கழியவில்லை. 1628இல் டி சா மட்டக்களப்பில் புளியந்தீவில் கோட்டையைக் கட்டினார். துரத்தியவனே துரத்தப்பட்டவர்களின் வாசலுக்கு வந்துவிட்டான். கடலோர எல்லை ஒரே வருடத்தில் இடம் மாறியது. அரண்மனையால் அதைத் தடுக்க முடியவில்லை.

1630இல் டி சா ஊவாவுக்குள் படையெடுத்தார். மன்னர் அப்போது முதுமையை அடைந்திருந்தார். களத்தில் நின்றவர்கள் இளவரசர்கள். அந்த வருடம் ஆகஸ்ட் மாதம், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலயில் போர்த்துக்கேயரின் படையிலிருந்த முதலியார்களும் லஸ்கரின்களும் கண்டியின் பக்கம் திரும்பினார்கள். டி சா கொல்லப்பட்டார். அவரது படை அழிந்தது. கண்டிப் படை கொழும்பு வரை சென்று முற்றுகையிட்டது. ஆனால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பின்னர் மீண்டும் ஒரு சமாதானம் ஏற்பட்டது.

முதுமையில் மன்னர் தனது நாட்டைத் தானே பிரித்தார். மூன்று இளவரசர்களுக்கும் சீட்டுப் போட்டுப் பார்த்து ஊவா குமாரசிங்கனுக்கும், மாத்தளை விஜயபாலனுக்கும், கண்டி இராஜசிங்கனுக்கும் என்று பங்கிட்டார். வெளி எதிரியிடமிருந்து வாழ்நாள் முழுவதும் காத்த நிலத்துக்குள் உள் எல்லைகளைப் போட்டவர் அவரே. 1635இல் அவர் காலமானார். அந்த எல்லைகள் நிலைக்கவில்லை. குமாரசிங்கன் இறந்ததும் ஊவா இராஜசிங்கனிடம் போனது. விஜயபாலனோடு அண்ணன் தம்பிச் சண்டை மூண்டது; கடைசியில் விஜயபாலன் போர்த்துக்கேயரிடமே அடைக்கலம் தேடினார். 1638 மே மாதம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களும் முஸ்லிம்களின் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடுகள் விதித்தவர்களே.

ஆக, குடியேற்றிய மன்னர் ஒன்பது வருடங்களில் மறைந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் தமக்குள் மோதினார்கள். கரையின் உரிமை மூன்று கைகள் மாறியது. அரண்மனையின் தயவு மட்டுமே பாதுகாப்பாக இருந்திருந்தால் எமது ஊர்களும் இன்னொரு லுசேராவாக முடிந்திருக்கும்.

எங்களைத் தாங்கியது எது?

முதலாவது, 1626இல் வந்தவர்கள் யாருமற்ற வெளிக்கு வரவில்லை. கிழக்கில் அதற்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றார்கள், அதற்குப் பிரதியாகப் பெண் கொடுத்து ஏறாவூரில் இருத்தப்பட்டார்கள் என்று மட்டக்களப்பு வழக்காறு சொல்கிறது. தமிழ் மக்கள் இருந்தார்கள், அவர்களது கோயில்களும் வயல்களும் குளங்களும் இருந்தன. செனரத் மன்னர் அனுப்பியவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் ஏற்கனவே வாழ்ந்தவர்கள். மன்னர் முஹாஜிர்களை அனுப்பினார் என்றால், அன்ஸாரிகளாக நின்றவர்கள் இங்கிருந்த மக்கள்.

இரண்டாவது, குடி முறை. எங்கள் பகுதியில் ஒரு பிள்ளையின் குடி தாயின் குடி. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. வீடு மகளுக்குக் கொடுக்கப்படுகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்ற ஒழுங்கு நீண்ட காலம் இருந்தது. இதே தாய்வழிக் குடி முறை எமது அயலிலுள்ள தமிழ் மக்களிடமும் இருக்கிறது; அங்கே கோயில் நிருவாகம் குடிகளின் வழியே நடக்கிறது. அக்கரைப்பற்றில் பல வருடங்கள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஆண்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்து, அவர்களது வீட்டில் குடியேறியதன் அடையாளம் இது. எங்கள் உம்மாமாரின் வழியாக நாங்கள் இந்த மண்ணுக்கு 1626ஐ விடப் பழையவர்கள். அகதிகள் என்று ஏசுபவர்களுக்கு இதை விடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, தண்ணீர். போடியார், வட்டவிதானை, முல்லைக்காரர் என்ற சொற்கள் எங்கள் வயல்களிலும் உண்டு, அவர்கள் வயல்களிலும் உண்டு. ஒரு வாய்க்காலில் மேல் வயல் தமிழருடையது, கீழ் வயல் முஸ்லிமுடையது என்றால் தண்ணீரை மறிக்க யாராலும் முடியாது. மறித்தால் அடுத்த போகத்தில் தனக்கும் அதே கதிதான். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று இந்தக் கரையில் ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தமிழூரும் முஸ்லிமூரும் மாலையில் பூ மாற்றிக் கட்டியதுபோல இருக்கும். இப்படி அமைந்த கரையில் ஒரு சமூகத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி எறிவது எந்த அரசனுக்கும் எளிதல்ல.

இது எப்போதும் அன்பாகவே இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1990 எங்கள் தலைமுறைக்கு மறக்கக்கூடிய வருடமல்ல. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளம் அவர்களை ஏற்றது. 1626 ஏட்டில் மட்டும் உள்ள கதையல்ல என்பதை நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே கண்டுகொண்டோம். கிழக்கில் பள்ளிவாசல்களில் இரத்தம் சிந்தப்பட்டது. அதே நாட்களில் இம்மாவட்டத்தின் தமிழ்க் கிராமத்தவர்களும் உயிரிழந்தார்கள், வீடுகளை விட்டு ஓடினார்கள். இரண்டு பக்கத்து வகுப்பறைகளிலும் அந்த நினைவு இருக்கிறது.

இன்றைய எல்லைகள்

கல்முனையில் யாருக்கு எந்தச் செயலகம், எந்த வீதியில் எல்லை என்பதெல்லாம் சனத்தொகையையும் நிருவாக வசதியையும் சட்டத்தையும் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டிய விடயங்கள். எமது உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவரின் நியாயமான கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்கக் கூடாது என்றும் இல்லை. எனது வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வழக்கில் செனரத் மன்னரைக் காணி உறுதியாக எடுத்துக் காட்டாதீர்கள்.

அவரைக் காணி உறுதியாக்கினால் எமக்கே அது பாதகம். மன்னர் தந்ததால்தான் எமது நிலம் என்றால், இன்னோர் அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு நாமே வழிவிடுகிறோம். லுசேரா மக்களிடமும் ஒரு பேரரசர் தந்த இடம் இருந்தது. மேலும், மன்னரின் பெயரை மட்டும் சொல்லும்போது, எமக்கு அயலில் இடம் தந்தவர்களும் எம்மை மணந்த மூதாட்டிகளும் கதையிலிருந்து அழிந்துபோகிறார்கள்.

செனரத் மன்னரின் வாழ்க்கையிலிருந்து மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது மூன்று விடயங்கள். துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்த ஓர் அரசர் இந்த நாட்டில் இருந்தார். அவர் சிங்கள பௌத்தர், ஒரு காலத்தில் துறவி. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது. அவர் கட்டிக்காத்த எல்லைகளும் அவரே கீறிய எல்லைகளும் அவர் மறைந்து சில வருடங்களில் மாறிப்போயின. அவர் கையால் நடந்தவற்றில் இன்றுவரை நிலைத்திருப்பது, ஒரு சமூகத்தை இன்னொரு சமூகத்தின் அயலில் கொண்டுவந்து விட்டதுதான்.

அந்த அயலைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது எந்த மன்னரிடமும் இல்லை. கல்முனையிலும் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் ஒரே வீதியால் காலையில் பாடசாலைக்கு வரும் ஆசிரியர்களிடமும், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரிடமும் இருக்கிறது. அடுத்த தேர்தல் மேடையில் யாராவது எல்லை பற்றி உரத்துப் பேசும்போது, கைதட்டுவதற்கு முன்னர் அடுத்த வயற்காரரின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் இன்னும் ஒன்றுதான்.